அம்மாவோடு ஒரு மலையுச்சிச் சூரிய உதயம்: சிங்கப்பூரிலிருந்து எங்கே போகலாம்?

செங்காங் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. போன வாரம் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "மலை மேல நின்னு சூரியன் வர்றதை ஒரு தடவையாவது பாக்கணும்"னு சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போச்சு. எங்கள் வீடு பதினோராவது மாடி, எதிரே இன்னொரு புளோக். காலை ஒன்பது மணிக்கு மேல்தான் அதன் தலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கும். முப்பது வருடமாக அம்மா பார்த்த உதயம் அதுதான்.

தினமும் பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மணி நேரம் நடக்கிறார். சர்க்கரை உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. வலது முழங்கால் எப்போதாவது முனகும். கூட என் தம்பி வருவான், தேசிய சேவை முடித்த தெம்பு. நான்தான் நோஞ்சான். நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். முதலில் புக்கிட் தீமா போய்ப் பழகலாம் என்று காலை ஆறு மணிக்குப் போனோம். வனப்பகுதியே ஏழு மணிக்குத்தான் திறக்குமாம். வெளியே நின்றபடியே விடிந்துவிட்டது. எங்கே போகலாம், எப்படித் திட்டமிடலாம், சொல்லுங்கள்.

பழைய காலணி:
வெளியே நின்றதில் நஷ்டம் ஒன்றுமில்லை. புக்கிட் தீமா நம்முடைய உயரமான மலைதான், 163 மீட்டர், ஆனால் உச்சியில் நின்றால் தெரிவது மரம். படம் எடுக்க ஒரு பாறை இருக்கிறது, அவ்வளவுதான். அது கால் பழக்கும் இடம், காட்சி பார்க்கும் இடம் இல்லை. நேரமும் காலை 7 முதல் மாலை 7 வரை. நமக்கோ வருடம் முழுக்க உதயம் சுமார் 6:45க்கும் 7:15க்கும் நடுவே, அஸ்தமனமும் மாலை ஏழை ஒட்டியே. இரண்டுமே அங்கே சரிப்படாது.

சூரியனே பார்க்கவேண்டும் என்றால் முதலில் மவுண்ட் ஃபேபர் போங்கள். சுமார் நூறு மீட்டர். உங்களுக்கு வடகிழக்குப் பாதை ரயில் நேராக ஹார்பர்ஃபிரண்ட் வரை வருகிறது, அங்கிருந்து மராங் பாதையில் ஏறினால் அம்மா நடைக்கு அரை மணி நேரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் ஒரு தடவை. அந்தப் பாலம் சாலையிலிருந்து 36 மீட்டர் உயரம், மாலை வெயில் அந்தப் பலகை வளைவுகளில் விழும்போது நன்றாக இருக்கும். வெளிநாட்டு மலைக்குச் சீட்டு எடுப்பதற்குமுன் அம்மாவின் கால் என்ன சொல்கிறது என்று இங்கேயே கேட்டுவிடலாம்.

மேகத்துக்கு மேலே:
ஃபேபர் எல்லாம் மலையா அண்ணா, மேடு. மலேசியாவின் சபாவில் இருக்கும் கினபாலு போங்கள்! 4,095 மீட்டர். மேகம் காலுக்குக் கீழே கிடக்கும், அதற்குக் கீழேயிருந்து சூரியன் வரும். இரண்டு நாள், ஒரு இரவு. முதல் நாள் திம்போஹோன் வாசலிலிருந்து பானாலபான் தங்குமிடம் வரை, மறுநாள் விடியற்காலை இரண்டரை மணிக்குத் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு உச்சிக்கு. போன வருடம் எங்கள் குழுவில் 64 வயது அங்கிள் ஒருவர் ஏறினார். அம்மாவைக் குறைத்து எடைபோடாதீர்கள். வாழ்க்கையில் ஒரு தடவைதான் போகப்போகிறோம், பெரிதாகவே போகலாமே.

பழைய காலணி:
அந்த அங்கிள் ஏறியதைச் சொன்னீர்கள். எப்படி இறங்கினார்?

மேகத்துக்கு மேலே:
…அது வந்து, கடைசி இரண்டு கிலோமீட்டர் வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தார்.

பழைய காலணி:
அதைத்தான் கேட்டேன். கணக்கைப் பாருங்கள். திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர், பானாலபான் சுமார் 3,270. இரண்டாம் நாள் இருட்டில் 800 மீட்டருக்கு மேல் ஏறி, பிறகு அதே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் இறங்கவேண்டும். நாள் முழுக்கப் படி, பாறை, படி. உச்சிக்குப் போகும் வழியில் கயிறு பிடித்து ஏறும் பாறைப்பகுதி வேறு. சாயாட் சாயாட் சோதனைச்சாவடியைக் குறித்த நேரத்துக்குள் தாண்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சூரியன் பாதி வழியில்தான். அனுமதிச் சீட்டும் படுக்கையும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்திருக்கிறார்கள், பல மாதம் முன்பே பதியவேண்டும், வழிகாட்டி கட்டாயம். அந்த உயரத்தில் காற்றும் மெல்லிசு. தலைவலி, வாந்தி யாருக்கு வரும் யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது, தேசிய சேவைத் தம்பிக்கு வந்து அம்மாவுக்கு வராமலும் போகலாம்.

நான் கினபாலுவுக்கு எதிரி இல்லை, இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் மலையாக வேண்டாம் என்கிறேன்.

பீடோக் பையன்:
ஒரு சந்தேகம். கினபாலுவில் சூரியன் ஆறு மணிவாக்கில் வருகிறது, நமக்கு ஏழு. கடிகாரம் ஒன்றுதானே, இது எப்படி?

பழைய காலணி:
கடிகாரம் ஒன்று, இடம் வேறு. சபா நமக்குக் கிழக்கே ரொம்பத் தூரம். நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு உண்மையில் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னே என்ற கணக்குதான் பொருந்தும், நாம் வைத்திருப்பது எட்டு. 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியா தன் கிழக்குப் பகுதி நேரத்தோடு தீபகற்பத்தையும் சேர்த்தபோது நாமும் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டோம். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் பேருந்து ஏறுகிறார்கள். பாலியும் நம் கடிகாரம்தான், அங்கேயும் ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும். ஜாவா நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், ஆகவே அங்குள்ள புரோமோ எரிமலையில் ஐந்து, ஐந்தரைக்கே. ஊர் மாறினால் முதலில் அந்த ஊரின் உதய நேரம் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சூரியன் வருவதற்கு நாற்பது நிமிடம் முன்பே மேலே இருக்கவேண்டும். வானம் நிறம் மாறுவதுதான் பாதிக் கூத்து. நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுவதால் அந்தக் கூத்து சீக்கிரம் முடிந்துவிடும். மாலையில் இதையே திருப்பிப் போடுங்கள், அஸ்தமனமாகி இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. அஸ்தமனத்துக்கு மலை ஏறுகிறவர்கள் விளக்கு இல்லாமல் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

தேக்கா தோசை:
முழங்கால் முனகும் அம்மாவுக்கு என் ஓட்டு புரோமோ. நடை குறைவு. விடியற்காலை மூன்று மணிக்கு ஜீப் வந்து பெனஞ்சாகான் காட்சிமுனைக்குக் கொண்டுபோகும், 2,770 மீட்டர். குளிர் எலும்பில் ஏறும், போர்வை வாடகைக்குக் கிடைக்கும். சூரியன் வந்ததும் அதே ஜீப்பில் மணல்வெளியைத் தாண்டி எரிமலைப் பக்கம், அங்கிருந்து கொஞ்சம் நடை, பிறகு வாய் வரை சுமார் 250 படி. சுற்றியுள்ள தெங்கர் மக்கள் இந்துக்கள், புரோமோ என்ற பெயரே பிரம்மாவிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் அத்தை அந்த விளிம்பில் நின்று திருநீறு பூசிக்கொண்டார்.

பாலியில் பாத்தூர் என்று ஒன்றும் உண்டு, 1,717 மீட்டர், இரண்டு மணி நேர ஏற்றம். ஆனால் சரளை வழுக்கும். அங்கே எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார், நாங்கள் பாதி மலையில் இருக்கும்போதே சூரியன் "வணக்கம்" சொல்லிவிட்டது. காசு திரும்ப வரவில்லை. விடுதியை அடிவாரத்திலேயே எடுங்கள், வண்டியை நம்பாதீர்கள்.

பீடோக் பையன்:
இந்தோனேசியா போனால் எரிமலை எச்சரிக்கை நிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பரில் மேற்கு சுமத்ராவின் மராப்பி திடீரென்று வெடித்து, மலையில் இருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை.

செங்காங் மகள்:
தேக்கா தோசை அக்கா (அக்காதானே?), புரோமோவை அம்மாவிடம் காட்டினேன். படம் அழகு என்றார். பிறகு, "ஜீப்புல போய் இறங்குறதுக்குப் பேரு மலை ஏர்றதா"னு கேட்டார். ஆக, ஏறவும் வேண்டுமாம், முழங்காலும் பிழைக்கவேண்டுமாம்.

தேக்கா தோசை:
அண்ணன்தான். பரவாயில்லை, அக்காவாகவே இருக்கட்டும். அம்மா கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை.

மலையகத்துப் பேத்தி:
இத்தனை மலை சொன்னீர்கள், தமிழில் பெயர் உள்ள மலையை ஒருவரும் சொல்லவில்லையே! இலங்கையின் சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர். ஏறத் தொடங்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி, ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகப் போகவேண்டும். வழியெல்லாம் தேயிலை, நம் சனம், தமிழ்ப் பெயர்ப்பலகை. என் தாத்தா அந்தப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர்.

நல்லதண்ணிப் பாதை சுமார் 5,500 படி. கேட்டதும் பயப்படாதீர்கள். பருவத்தில், அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை, படியெல்லாம் விளக்கு எரியும், நெடுக டீக்கடை இருக்கும். எழுபது வயது ஆச்சிமார் வெள்ளைச் சேலையில் வெறுங்காலோடு ஏறுவார்கள், பத்துப் படி, ஓர் ஓய்வு, மறுபடி பத்துப் படி. யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. உச்சியில் இருக்கும் பாதத்தை நாம் சிவன் பாதம் என்கிறோம், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதமின் பாதம் என்கிறார்கள், எல்லாரும் ஒரே படியில்தான் மூச்சு வாங்குகிறார்கள். மேலே ஒரு மணி உண்டு, எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை தடவை அடிக்கலாம்.

சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் சட்டென்று திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் மேகத்தின்மேல் கூர்மையான முக்கோணமாக விழுந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் சுருங்கி மறைந்துவிடும். எனக்கு உதயத்தைவிட அதுதான் பிடிக்கும்.

பழைய காலணி:
இது யோசனை. 2,500 மீட்டருக்குக் கீழே இருப்பதால் உயர நோய்ப் பயமும் குறைவு. (முக்கோண நிழல் பெரும்பாலான மலைகளுக்கும் அப்படித்தான் தெரியும், நீண்ட நிழல் தூரத்தில் குவிவதுபோல் கண்ணுக்குப் படுவதால். ஆனால் அங்கே பார்த்தால் அதையெல்லாம் நினைக்கத் தோன்றாது.)

இன்னொரு லாபம் இருக்கிறது. இலங்கை நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே இரவு ஒன்றரைக்கு எழுந்தால் உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை நான்கு. போய் இறங்கிய மறுநாளே ஏறினால் தூக்கக் கணக்கு உங்கள் பக்கம்.

மேகத்துக்கு மேலே:
சரி, ஒப்புக்கொள்கிறேன், முதல் மலைக்கு இது நல்லது. ஆனால் வார இறுதியில் போகாதீர்கள். போயா (இலங்கையின் பௌர்ணமி விடுமுறை) அன்று போன என் நண்பன் உச்சிக்குச் சற்றுக் கீழே வரிசையில் நின்றபடியே உதயத்தைத் தவறவிட்டான். முன்னால் இருந்தவரின் முதுகைத்தான் பார்த்தானாம்.

பீடோக் பையன்:
சீனப் புத்தாண்டு விடுமுறையில் போகலாமே? நமக்கு இரண்டு நாள் பொது விடுமுறை, இலங்கைக்கு அது சாதாரண நாள். அதோடு சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டி வரும், போயா என்பது பௌர்ணமி. இரண்டும் ஒரே நாளில் வரவே வராது.

மலையகத்துப் பேத்தி:
தம்பி, மூளை! ஆனால் ஒரு விஷயம், மகா சிவராத்திரியும் அமாவாசைக்கு முந்தைய இரவுதான். சில ஆண்டுகளில் சீனப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னே வந்து நிற்கும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். அம்மா சிவராத்திரிக்கே ஏற ஆசைப்பட்டால் அது வேறு கதை.

தேக்கா தோசை:
புத்தாண்டு நேரத்தில் விமானச் சீட்டு விலை இருக்கும் பாருங்கள். முதல் மலை அதுதான்.

செங்காங் மகள்:
5,500 படி! மனசு பக்கென்றது. இங்கே எப்படிப் பழகுவது?

பழைய காலணி:
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் எதற்கு இருக்கிறது? எங்கள் புளோக் 25 மாடி, ஒரு மாடிக்கு 16 படி, நானே எண்ணினேன். கீழிருந்து உச்சி மாடிக்கு 384 படி. சிவனொளிபாதமலை என்றால் பதினான்கு தடவைக்கு மேல். ஒரே நாளில் அல்ல! முதல் வாரம் அம்மாவுக்கு ஐந்து மாடி போதும், மெல்ல ஏற்றுங்கள்.

ஆனால் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஏறுவார்கள், உச்சியில் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக் கீழே வந்து மறுபடி ஏறுவார்கள். மலையில் லிஃப்ட் இல்லை. ஏற்றத்தில் தவிப்பது மூச்சு, நின்றால் அடங்கிவிடும். இறக்கத்தில் அடி வாங்குவது முழங்கால், நின்றாலும் அடங்காது. ஆகவே இறங்கிப் பழகுங்கள். மெதுவாக, முன்பாதம் முதலில், கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும். நடைக்கோல் இரண்டு வாங்கிக்கொடுங்கள், இறக்கத்தில் பாரத்தைக் கை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சர்க்கரை இருப்பதால் பலதுறை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், எந்த நேரம் மாத்திரை, எந்த நேரம் சாப்பாடு என்று. இரவு ஒரு மணிக்கு வெறும் வயிற்றில் கிளம்பவேண்டாம்.

மலையகத்துப் பேத்தி:
அம்மாவோடு என்றால் ஒரு மணிக்கே கிளம்புங்கள், நான்கைந்து மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் உதயம் ஆறரைக்குச் சற்று முன். ரொம்பச் சீக்கிரம் போனாலும் வம்பு, வியர்வையோடு உச்சிக் காற்றில் நின்றால் பல் தந்தியடிக்கும். கடைசி டீக்கடையில் உட்கார்ந்து நேரம் பார்த்து ஏறுங்கள். பையில் ஒரு உலர்ந்த சட்டை, மேலே போனதும் ஈரத்தை மாற்றவேண்டும். குரங்குத் தொப்பி, மழைச்சட்டை. உச்சிக் கோயிலில் செருப்பைக் கழற்றவேண்டும், கல் பனிக்கட்டிபோல் இருக்கும், தடித்த காலுறை எடுங்கள். பயண அனுமதி தேவையா என்று முன்பே பார்த்துவிடுங்கள். மலையகத்தில் பெருமழைக்குப் பிறகு மண்சரிவு வரும், பாதை நிலவரத்தை விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டுக் கொழும்பிலிருந்து புறப்படுங்கள்.

செங்காங் மகள்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். சனிக்கிழமை மவுண்ட் ஃபேபர் போனோம். முதல் ரயில், மராங் பாதை. அம்மா என்னைவிட முன்னால் போய்விட்டார், தம்பி அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். மேலே போய் உட்கார்ந்தால் வானம் சாம்பல் நிறம். சூரியன் வரவேயில்லை! ஏழேகாலுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு மங்கல் மஞ்சள், அவ்வளவுதான். நான் நொந்துபோனேன். அம்மா பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டே, "வெளிச்சம் வந்துச்சில்ல, அப்ப சூரியனும் வந்துடுச்சுதான்" என்றார். திரும்பி வரும்போது ஒரு குரங்கு அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைப் பறித்துக்கொண்டு போனது. இரண்டு வாழைப்பழம் நஷ்டம்.

பழைய காலணி:
பிளாஸ்டிக் பை என்றாலே அதற்குச் சாப்பாடு. முதுகுப்பைக்குள் வையுங்கள். நாமாகக் கொடுத்தால் அபராதம், பறித்துக்கொண்டால் பாடம். மேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து விடியலுக்கு முன்னே காற்றும் மழையும் கிளம்பி வரும், பல நாள் உதயத்தை அதுதான் தின்னும். முழங்கால் என்ன சொன்னது?

செங்காங் மகள்:
இறங்கும்போது ஒரு தடவை முனகியது. இப்போது தினமும் எட்டு மாடி, ஏறி, இறங்கியும். பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்துகொண்டார், இருவரும் படிக்கட்டிலேயே பாதி நேரம் நின்று பேசுகிறார்கள், அதையும் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். மருத்துவர் சரி என்றார், மாத்திரை நேரம் எழுதிக்கொடுத்தார்.

சீட்டு எடுத்தாச்சு. சீனப் புத்தாண்டு வாரம், நல்லதண்ணியில் இரண்டு இரவு. ஒரு நாள் மழை கொட்டினால் மறுநாள் ஏறலாம் என்று கூடுதல் இரவு. விலை பற்றித் தேக்கா தோசை அண்ணன் சொன்னது உண்மை. அம்மா கேட்ட ஒரே கேள்வி, அந்தப் படிக்கட்டு டீக்கடையில் சர்க்கரை போடாத டீ கொடுப்பார்களா என்பது.

மலையகத்துப் பேத்தி:
வெறும் தேத்தண்ணி கேளுங்கள். கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைப்பார்கள், அதை மட்டும் தம்பியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

செங்காங் மகள்:
கடைசியாக ஒன்று. அம்மாவுக்குக் குளிர்ச்சட்டை இல்லை, சிங்கப்பூரில் எதற்கு வாங்குவது என்று முப்பது வருடமாகத் தள்ளிப்போட்டவர். ஒரு தடவைக்காகப் புதிதாக வாங்கவும் விடமாட்டேன் என்கிறார். யாரிடமாவது சின்ன அளவில் இரவல் கிடைக்குமா?

மேகத்துக்கு மேலே:
என் மனைவியுடையது இருக்கிறது, கினபாலுவுக்கு வாங்கியது, ஒரு தடவைதான் போட்டார். ஈசூன் எம்ஆர்டி பக்கம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நடைக்கோலும் தருகிறேன், ஒன்றின் நுனி ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது.